உதவி நாயோடு வெளிநாடு: நாட்களைக் கணக்கிடுவதில் நேரும் தவறுகள்

டிக்கெட்டை முதலில் போடாதீர்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற பயிற்சி பெற்ற உதவி நாய்க்கு விமானத்தில் உங்கள் காலடியில் இடம் கிடைக்கலாம். போய் இறங்கும் நாட்டின் வெறிநோய் (ரேபிஸ்) விதிகளில் அதற்கு விலக்கு கிடைக்காது. இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

சிப்பும் ஊசியும் முன்பின்னாவது பெரிய தவறு. தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப்பைப் பொருத்திய பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அதே நாளில் போட்டாலும் சரி. ஊசி முந்திவிட்டால் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அதைக் கணக்கில் எடுக்காது, வருடம் தவறாமல் போட்டிருந்தாலும். நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் பக்கத்து டாக்டரிடம் போனாலும், ஊசிக்கு முன் ஸ்கேனரில் சிப்பைப் படித்து எண்ணை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அங்கே இறங்கியதும் சிக்கல்தான்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் வெறிநோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வுக்கு (சர்வதேச அலகு) குறையக் கூடாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கோ பிரிட்டனுக்கோ போவதென்றால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். சித்திரை விசுவுக்குப் பிள்ளைகளோடு அங்கே இருக்க வேண்டுமா? ஐப்பசிக்குள் சிப்பும் ஊசியும் முடிந்திருக்கட்டும். இடையில் பூஸ்டர் தேதியைத் தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

பிரிட்டனுக்கு நாடாப்புழு மருந்தும் உண்டு. போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பாக டாக்டர் கொடுத்து, நேரத்தோடு பதிய வேண்டும். போன வாரமே கொடுத்தாயிற்று என்பது செல்லாது.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் விதி இறுகியிருக்கிறது. நாய்க்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஊசி போட்ட நாய் என்றால் அரசு கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட படிவம் தேவை. பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு மையம் உள்ள விமான நிலையத்தில்தான் முதலில் இறங்க வேண்டும்; அங்கே முன்பதிவும் வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் அங்கேயே 28 நாள் தனிமை. மனத் துணைக்காக வளர்க்கும் நாயை அந்நாட்டு விமான விதிகள் 2021 முதல் உதவி நாயாகக் கொள்வதில்லை.

நெல்லைக்குத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அங்கிருந்து ஏறத் திட்டமிடுவோர், ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழை எங்கே வாங்குவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் இருக்கிறது. ஐரோப்பியச் சான்றிதழ் ஒப்பமான நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்தாக வேண்டும். அதனால் நெல்லையிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கு நாயோடு போய்வருவதையும் அந்த நாட்களுக்குள்ளேயே அடக்க வேண்டும். ஊர் திரும்ப வேண்டிய தடையில்லாச் சான்றுக்கும் அதே நிலையத்தில் கிளம்புமுன்பே விசாரித்துவிடுங்கள்.