ட்ரே டெம்ப்ளேட் வெட்டறதுக்கு முன்னாடி பிட்டை கையில வாங்குங்க

ரவுட்டர் (மரம் குடையற மெஷின்) வச்சு மர ட்ரே, கிண்ணம் குடைய ஆரம்பிக்கிற நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, நெட்ல ஒரு அழகான ஷேப் பாத்து பிரிண்ட் எடுத்து எம்டிஎஃப் (மரநாரை அழுத்தி செஞ்ச பலகை) மேல ஒட்டி ஜிக்சால டெம்ப்ளேட்டை, அதாவது ரவுட்டர் ஒட்டி ஓடற அச்சுப் பலகையை வெட்டிடறாங்க, பிட் (ரவுட்டர்ல மாட்டற வெட்டு முனை) என்ன வாங்கறதுன்னு அப்புறமாதான் யோசிக்கிறாங்க. தயவுசெஞ்சு இதை மாத்துங்க. முதல்ல பிட் வரணும், அதை அளந்து பாக்கணும், அப்புறம்தான் பென்சிலை எடுக்கணும். மூலை எவ்ளோ வளையணும், டெம்ப்ளேட் எவ்ளோ தடிமன் இருக்கணும்னு எல்லாத்தையும் அந்த பிட்தான் சொல்லும்.

ட்ரே பிட்னா அடி தட்டையா, ஓரம் மட்டும் உருண்டு, மேல தண்டுப் பக்கம் பேரிங் இருக்கும், அதுதான் டெம்ப்ளேட் விளிம்பை ஒட்டி உருளும். வாங்கும்போது தண்டு அளவை கேட்டு வாங்குங்க. கால் இன்ச்னா 6.35 மில்லி, 6 மில்லி இல்ல. 6 மில்லி காலெட்ல (ரவுட்டர்ல பிட் தண்டை இறுக்கிப் பிடிக்கிற வாய்) கால் இன்ச் பிட் போகவே போகாது, அது பரவாயில்ல, ஆனா கால் இன்ச் காலெட்ல 6 மில்லி பிட் சுலபமா போயிடும், இறுக்கினா பிடிச்ச மாதிரியே இருக்கும், ஓடும்போது நழுவி இறங்கும், ரொம்ப ஆபத்து. 12 மில்லிக்கும் அரை இன்ச்சுக்கும் இதே கதைதான், அரை இன்ச்னா 12.7.

அடுத்தது உள்மூலை. பேரிங் விட்டம் 19 மில்லின்னா அதோட ரேடியஸ் 9.5, டெம்ப்ளேட் மூலை அதைவிட இறுக்கமா வளைஞ்சிருந்தா பேரிங் உள்ள போகாது, நீங்க வரைஞ்ச மூலை மரத்துல வராது. சரியா 9.5 வச்சாலும் பேரிங் அந்த இடத்துல ஒரு நொடி நின்னு திரும்பும், அங்க மரம் கருகும். 12, 13 வைங்க, கை நிக்காம வழுக்கிட்டு போகும்.

அதிகமா தப்பு நடக்கிறது தடிமன்லதான், ஏன்னா யாரும் கணக்கு போடறதில்ல. பேரிங் உயரம் 7 மில்லி, வெட்டற பாகம் 13 மில்லின்னு வைங்க, மொத்தம் 20. பேரிங் முழுசா டெம்ப்ளேட்ல உக்காரணும்னா பிட் ரவுட்டரோட பேஸுக்கு (அடித்தட்டு) கீழ 20 மில்லி நீட்டிக்கணும். டெம்ப்ளேட் 6 மில்லி பிளைன்னா முதல் வெட்டே 14 மில்லி ஆழம், தேக்குல அதை ஒரே தடவைல எடுக்க முடியாது. சரின்னு பிட்டை மேல தூக்குவாங்க, பேரிங் டெம்ப்ளேட்டை விட்டு மேல ஏறிடும், பிளேடு டெம்ப்ளேட்டையே கடிச்சிடும், அன்னிக்கே டெம்ப்ளேட் குப்பைக்கு போகும். இதே பிட்டுக்கு 18 மில்லி பலகை வச்சா முதல் வெட்டு 2 மில்லிதான், அதுக்கப்புறம் ரெண்டு மூணு மில்லியா நிதானமா இறங்கலாம். கீழ போகப்போக பிட் எட்டலன்னா டெம்ப்ளேட்டை கழட்டிட்டு, வெட்டின மரச்சுவர் மேலயே பேரிங்கை ஓட விடலாம், ஆனா பேரிங்கும் பிளேடும் ஒரே விட்டமா இருந்தாதான் இது நடக்கும்.

பலகை எதுன்னு கேட்டா, விலை கம்மி பிளைவுட் வேண்டவே வேண்டாம். உள்ள லேயர்ல சந்து இருக்கும், வெட்டின விளிம்புல அது குட்டி பள்ளமா வெளிய வரும். ஒரு தடவை அப்படி ஒரு சந்துல பேரிங் டக்குனு இறங்கி ஏறுச்சு, ட்ரே சுவர்ல நகம் பதிஞ்ச மாதிரி ஒரு தழும்பு, அதை எடுக்கணும்னு உப்புத்தாள் போட்டு சுத்தி இருந்த வளைவே போயிடுச்சு. எம்டிஎஃப் இல்லன்னா எச்டிஎச்எம்ஆர் (அதே வகைல ஈரம் தாங்கற, இன்னும் அடர்த்தியான பலகை) எடுங்க. எம்டிஎஃப்னா விளிம்புல சேண்டிங் சீலர் ரெண்டு கோட் அடிச்சு தேய்ச்சிடுங்க, இல்லன்னா பேரிங் ஓடி ஓடி விளிம்பு அமுங்கிடும், மழைக்காலத்துல ஊதவும் செய்யும்.

வளைவை கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. கண்ணை மூடிட்டு விரல் நுனியை விளிம்புல மெதுவா ஓட்டிப் பாருங்க, மேடு எங்க இருக்குன்னு விரலுக்கு உடனே தெரியும். அங்க சின்ன மேடு இருந்தா அந்த டெம்ப்ளேட்ல வர்ற அத்தனை ட்ரேலயும் அது இருக்கும், அதுவும் எண்ணெய் தேய்ச்சு வெளிச்சம் பட்டாதான் தெரியும், அதுக்குள்ள அஞ்சாறு ட்ரே முடிச்சிருப்பீங்க. உப்புத்தாளை வெறும் கையால தேய்க்காம, வளையற மெல்லிசு கட்டையில சுத்தி நீளமா இழுங்க.

அகலத்தையும் பாக்கணும். ட்ரிம்மர் (சின்ன ரவுட்டர்) பேஸ் 90 மில்லி சுமார்தான், ஓட்டை 200 மில்லின்னா நடுவுக்கு போகும்போது ரவுட்டர் சாஞ்சு உள்ள விழும், அடியில ஆழமா ஒரு குழி வந்துடும், அதை சரி பண்ணவே முடியாது. 10 மில்லி அக்ரிலிக்ல ஓட்டையோட ரெண்டு பக்கமும் எட்டற மாதிரி நீள பேஸ் ஒண்ணு பண்ணிக்கோங்க. நடுவுல ட்ரில்ல மரத்தை எடுக்க நம்ம ஆசாரிங்க ஹிஞ்சுக்கு போடற 35 மில்லி பிட்டே போதும், ஆனா அதோட நடு முள் பிளேடைவிட கீழ போகும், முள்ளையும் சேர்த்து ஆழம் செட் பண்ணலன்னா ட்ரே அடியில வரிசையா புள்ளி நிக்கும்.

வெளி ஷேப்பை முதல்ல வெட்டாதீங்க. சுத்தி மரம் இருக்கும்போதே உள்ள குடைஞ்சு முடிங்க, ரவுட்டருக்கு உக்கார இடமும் இருக்கும், டெம்ப்ளேட்டை அந்த வேஸ்ட் பக்கத்துல ஸ்க்ரூ போட்டும் பிடிக்கலாம். டேப்தான்னா ஸ்பாஞ்ச் டேப் கூடாது, அது அமுங்கி நகரும். மெல்லிசு துணி டேப், தூசி சுத்தமா துடைச்சுட்டு ஒட்டுங்க. உள்ள குடையும்போது ரவுட்டர் கடிகாரச் சுத்துல போகணும், வெளி விளிம்புன்னா எதிர்ச் சுத்து. பிட் 32 மில்லின்னா ஸ்பீடை நிமிஷத்துக்கு 18,000 சுத்துக்கு மேல வைக்காதீங்க. மகிடா 3709 மாதிரி 30,000லயே ஓடற, ஸ்பீடு மாத்த முடியாத ட்ரிம்மர்ல அவ்ளோ பெரிய பிட்டை போடவே வேண்டாம்.

வேலை முடிஞ்சதும் டெம்ப்ளேட் மேலயே மார்க்கர்ல பிட் விட்டம், பேரிங் விட்டம், மொத்த ஆழம் மூணையும் எழுதி ஆணியில தொங்கவிடுங்க. சுவர்ல சாச்சு வச்சா ரெண்டு மாசத்துல வளைஞ்சிடும்.