லினக்ஸுக்கு மதர்போர்டு வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் போர்டு வாங்குகிற பசங்க கடைக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, பி760 லினக்ஸ்ல ஓடுமா?" ஓடும். பி760 என்பது ஒரு இன்டெல் சிப்செட், அதாவது போர்டின் பாகங்களை இணைக்கும் முக்கிய சிப். இன்டெல், ஏஎம்டி சிப்செட்டுகளால் லினக்ஸில் பிரச்சினை வருவது அபூர்வம். தகராறு செய்வது அதே போர்டில் ஒட்டியிருக்கும் சில்லறை சிப்புகள், அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

முதலில் லேன், அதாவது கேபிள் வழி நெட். இப்போதைய பல போர்டுகளில் இருப்பது ரியல்டெக் 8125 சிப், நொடிக்கு 2.5 ஜிகாபிட் வேகம். இதற்கு டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 5.4-ல்தான் வந்தது. நண்பன் கொடுத்த பழைய உபுண்டு 18.04 பென்டிரைவில் இருப்பது 4.15 கர்னல் என்றால் நெட் வராது, டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும், அப்படியே சுற்ற வேண்டியதுதான். அவசரத்துக்கு ஃபோனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் (ஃபோன் நெட்டைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் தப்பிக்கலாம். புது போர்டுக்குப் புது வெளியீடு, அவ்வளவுதான் விஷயம். டெபியன் (இன்னொரு லினக்ஸ் வகை) பிரியர்கள் 12-க்குக் கீழே போகாதீர்கள், சிப்புகள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வரத் தொடங்கியது அதில்தான்.

வைஃபை கார்டு தனியாக வாங்குகிறவர்கள் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 விலை குறைவு என்று எடுத்துவிடுகிறார்கள். அவை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும் பாதி வைஃபையோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஏஎம்டி போர்டில் செருகினால் கார்டு இருப்பதே தெரியாது, லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 எடுங்கள்.

அதிகம் பேர் சிக்குவது பயாஸில், அதாவது கணினி ஆன் ஆனதும் வரும் போர்டின் செட்டிங்கில். அங்கே ஸ்டோரேஜ் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) அல்லது ஆர்எஸ்டி (இன்டெலின் ஸ்டோரேஜ் முறை) என்று இருந்தால் உபுண்டு இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியாமல் போகலாம், அல்லது ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். உடனே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ (ரெய்டு இல்லாத சாதாரண முறை) என்று மாற்றிவிடாதீர்கள்! அதே டிஸ்கில் விண்டோஸ் இருந்தால் நீலத்திரைதான். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீயை எழுதி வையுங்கள், அப்புறம் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை ஏறிய பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சிப்செட் தருகிற ரெய்டு அசல் ஹார்டுவேர் ரெய்டும் இல்லை, லினக்ஸில் ரெய்டு வேண்டுமென்றால் அதிலேயே உள்ள எம்டிஅட்மின் (mdadm) கருவி போதும்.

எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டுடிஸ்க் காணாமல் போனால் மேனுவலைப் பாருங்கள், பல போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கு போடும்.

எந்த சிப்புக்கு எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பார்க்க, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு கே ஆப்ஷன் (lspci -k) கொடுங்கள். வேலை செய்யாத சிப்புக்குக் கீழே டிரைவர் வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். இன்ஸ்டால் செய்யும் முன்பே, நேரடியாக லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

கடைசியாக சென்சார். மே மாத வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஃபேன் வேகம் லினக்ஸில் தெரியவில்லை என்று பதறி, இணையத்தில் கிடைத்த கர்னல் ஆப்ஷனையெல்லாம் போடுகிறவர்கள் உண்டு. அதைக் காட்டுவது நுவோட்டான் அல்லது ஐடிஇ சிப், டிரைவர் ஏறாவிட்டால் எண் தெரியாது, ஆனால் ஃபேன் பயாஸில் வைத்த கணக்குப்படி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஏப்ரல் வருவதற்குள் அங்கேயே ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிடுங்கள்.