லேத் டூல் தேய்ந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் வீட்டு கராஜில் பழைய லேத் (கடைசல் எந்திரம்) ஒன்றைப் போட்டுக் கடைசல் பழகுகிறவர்களுக்காக இது. வெட்டும் டூல் மழுங்கியதும் தூக்கிப் போடாதீர்கள். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, எதை மாற்ற வேண்டும் என்பது பிடிபடும்.

1. டூலை அடையாளம் காணுங்கள். சதுரக் கட்டியாக வருவது பெரும்பாலும் ஹைஸ்பீட் ஸ்டீல். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் குறையாது, அடி தாங்கும், சாதாரண கிரைண்டரில் தீட்டலாம். திருகி மாட்டும் சின்ன முக்கோணத் துண்டுகள் (இன்சர்ட்) கார்பைடு. கூடுதல் சூடு தாங்கும், ஆனால் சட்டென்று உடையும். இன்சர்ட் பெட்டியில் நீலம் என்றால் எஃகுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு. பழகும்போது ஹைஸ்பீடே போதும் என்பேன்.

2. வேகத்தைக் கணக்கிடுங்கள். மைல்ட் ஸ்டீலுக்கு ஹைஸ்பீடில் நிமிடத்துக்கு 30 மீட்டர், கார்பைடில் 150. இதை 318-ஆல் பெருக்கி, ஜாபின், அதாவது கடையும் துண்டின், விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கிடைக்கும். 50 மி.மீ. தண்டுக்கு ஹைஸ்பீடில் சுமார் 190, கார்பைடில் 950. ஸ்கிராப்பில் வாங்கிய சர்க்கரை ஆலைத் தண்டு என்ன எஃகோ, யார் கண்டது? அதற்குப் பாதி வேகத்தில் தொடங்குங்கள்.

அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1907-இல் வெளியிட்ட சூத்திரப்படி, ஹைஸ்பீடில் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே டூலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அவசரமென்றால் ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, கொஞ்சம் கூட்டுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள்.

3. பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பாருங்கள்.

ஜாபை உரசும் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு பட்டை தெரிந்தால் அது இயல்பான தேய்மானம்தான். அகலம் 0.3 மி.மீ. ஆனதும் தீட்டுங்கள், அல்லது இன்சர்ட்டைத் திருப்புங்கள். சீக்கிரமே வந்துவிட்டால் வேகம் அதிகம்.

சீவல் உரசி ஓடும் மேல்முகத்தில் குழி விழுந்தால் சூடு மிஞ்சுகிறது. இதற்கும் வேகத்தைக் குறையுங்கள்.

முனையில் உலோகம் ஒட்டி, ஜாப் சொரசொரப்பாக வருகிறதா? புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பயந்து வேகத்தைக் குறைத்தால் கார்பைடில் இன்னும் ஒட்டும், கூட்டத்தான் வேண்டும். அலுமினியம் என்றால் மண்ணெண்ணெய் தடவுங்கள்.

விளிம்பு பொடிந்தால் அதிர்வு. டூல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் குறைத்து, டூல் முனை ஜாபின் மைய உயரத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

விளிம்புக்குக் குறுக்கே சீப்புப் பல் மாதிரி விரிசல் வருவது கார்பைடில். கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) விட்டுவிட்டு ஊற்றியிருப்பீர்கள். தொடர்ந்து ஊற்றுங்கள், இல்லையென்றால் ஊற்றவே வேண்டாம்.

4. மின்வெட்டால் கடைசலின் நடுவே கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்து, ஃபீடை விடுவியுங்கள். அப்புறம் ஜாபைப் பிடித்திருக்கும் சக்கைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே டூலைப் பின்னுக்கு இழுங்கள். உலோகத்துக்குள் நின்றபடி மோட்டார் கிளம்பினால் கார்பைடு முனை உடைந்துபோகும்.