சைக்கிள் பாதை இருக்கிற சின்ன ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு

வீட்டு விளம்பரத்தில் சைக்கிள் பாதை 300 மீட்டரில் இருக்கிறது என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த தூரம். புறநகர்க் குடியிருப்புகளில் தெருக்கள் பாதியிலேயே முடிந்துவிடும். பாதை உங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஏற வேண்டுமென்றால் முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்து, வண்டிகள் பறக்கிற நான்கு வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பெரிய சிக்னலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாதைக்குப் போவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும்.

வேலை மாற்றத்தால் சில முறை ஊர் மாறியவள் நான். ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் தேவை ஒன்றேதான்: நான் சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும், மகள் தானாகப் பள்ளிக்குப் போக வேண்டும், அம்மா பயமில்லாமல் நடக்க வேண்டும். அதனால் பாதை எத்தனை நீளம், எவ்வளவு அழகு என்பதையெல்லாம் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது வீட்டு வாசலுக்கும் பாதைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை.

வாசலிலிருந்து அளப்பது எப்படி

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் CyclOSM என்ற அடுக்கைத் திறந்துகொள்ளுங்கள். தனிப் பாதை, சாலையோரக் கோடு போட்ட பகுதி, மண் பாதை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கூகுள் மேப்பிலும் சைக்கிள் அடுக்கு உண்டு. அதில் கரும்பச்சை தனிப் பாதை, இளம்பச்சை சாலையோடு சேர்ந்த சைக்கிள் தடம், புள்ளிக்கோடு சும்மா சைக்கிளுக்கு ஒத்துவரும் தெரு. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். விளம்பரங்கள் 'சைக்கிள் வழித்தடம் 40 கிலோமீட்டர்' என்று சொல்லும்போது மூன்றையும் கூட்டித்தான் சொல்கின்றன.

அப்புறம், பார்த்திருக்கும் வீட்டின் வாசலிலிருந்து நீங்கள் தினமும் போகப்போகும் இடம் வரை துண்டு துண்டாகப் பாருங்கள். எந்தத் தெருவில் வேக வரம்பு என்ன, எத்தனை வழி, எங்கே கடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 2012-இல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரச் சாலைகளை ஆராய்ந்த மெக்குரியா, ஃபர்த், நிக்சன் ஆகிய மூவரும் சாலைகளை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலை, குழந்தைகளும் ஓட்டலாம். இரண்டாவது, பெரும்பாலான பெரியவர்களுக்குச் சரிப்படும். நான்காவதில் துணிந்தவர்கள் மட்டும்தான் ஓட்டுவார்கள். அவர்கள் வகுத்த முக்கியமான விதி, ஒரு வழியின் தரம் அதன் மிக மோசமான துண்டின் தரம்தான் என்பது. ஐந்து கிலோமீட்டர் சோலைக்குள் போய், நடுவில் 200 மீட்டர் மட்டும் லாரி ஓடும் சாலை என்றால், உங்கள் மகளைப் பொறுத்தவரை அந்த வழி முழுவதும் லாரிச் சாலைதான். நான் வீடு தேடும்போது இந்த விதியை விட்டுக்கொடுத்ததே இல்லை.

பாதை எங்கே போகிறது

ஏரியைச் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே விடுகிற பாதை மனதுக்கு நல்லது. ஆனால் புதன்கிழமை காலை அது எதற்கும் உதவாது. பள்ளி, ரயில் நிலையம், நூலகம், மளிகைக் கடை இவற்றில் இரண்டையாவது தொட்டுக்கொண்டு போகும் பாதைதான் அன்றாடம் சைக்கிளை வெளியே எடுக்க வைக்கும்.

இதற்கு நெதர்லாந்தின் ஹௌட்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உட்ரெக்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கும், சுமார் 50,000 பேர் வாழும் புறநகர். ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வேண்டுமென்றால் வெளியே சுற்றுச்சாலைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும். சைக்கிளில் நேராக நடுவில் புகுந்து போகலாம். நடுவில் ரயில் நிலையம். 2008-லும் 2018-லும் அந்நாட்டின் சிறந்த சைக்கிள் ஊராக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் இதற்கு நேர்மாறு. அங்கே எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர் ஊர் முழுக்கத் தனி சைக்கிள் பாதைகளும் சுரங்கவழிகளும் அமைத்தார். பாதைகள் அருமையானவை. ஆனால் காருக்கும் அகலமான, நெரிசலில்லாத சாலைகள் போட்டுவிட்டதால் மக்கள் காரிலேயே போனார்கள். எனவே ஓர் ஊரைப் பார்க்கும்போது பாதைகளை மட்டுமல்ல, கடைத்தெருவிலும் நிலையத்திலும் சைக்கிள் நிறுத்துமிடம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வாசலுக்குப் பக்கத்தில், கூரையோடு இருந்தால் அந்த ஊர் சைக்கிளை மதிக்கிறது. குப்பைத் தொட்டிக்குப் பின்னால் இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ரயில் தடத்தில் போட்ட பாதை கிடைத்தால் அந்த ஊருக்கு நான் முன்னுரிமை தருவேன். ரயில் எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்களில் சரிவு பெரும்பாலும் 2, 3 சதவீதத்துக்குள் இருக்கும். பின்சீட்டில் குழந்தையையும் கேரியரில் மூட்டையையும் வைத்துக்கொண்டு மிதிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இன்னொரு நன்மை, ரயில் ஊரின் நடுவில் நின்று போயிருக்கும். பாதையும் பழைய கடைத்தெரு வழியாகவே போகும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை போகும் 32 மைல் பாதை இந்த வகையில் முன்னோடி, மூன்று ரயில் குகைகளுக்குள் புகுந்து போகிறது. பாஸ்டனுக்கு வெளியே லெக்சிங்டன், ஆர்லிங்டன் போன்ற ஊர்களைக் கோத்துக்கொண்டு மெட்ரோ நிலையத்தில் கொண்டு விடும் மினிட்மேன் பாதை சுமார் 16 கிலோமீட்டர். வேலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி ஒன்றுதான் வேண்டும்.

ஆற்றங்கரைப் பாதையும் வாய்க்கால் கரைப் பாதையும் சமதளமாக இருக்கும், நிழலும் இருக்கும். மழைக்காலத்தில் எத்தனை நாள் மூழ்குகிறது என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். சாலைக்குக் கீழே போகும் சுரங்கவழிகளும் அப்படித்தான். அது ஒன்று மூழ்கினாலே மேலே ஏறிச் சாலையைக் கடக்க வேண்டிவரும்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

வெயிலடிக்கும் சனிக்கிழமை மதியம் எந்த ஊர்ப் பாதையும் நன்றாகத்தான் இருக்கும். வேலைநாள் காலை ஏழரைக்குப் போங்கள், மழை பெய்த மறுநாள் போங்கள், குளிர்காலத்தில் மாலை ஐந்தரை மணிக்கு, இருட்டிய பிறகு போங்கள். விளக்கு இருக்கிறதா? பல ஊர்களில் பூங்காக்களுக்கான விதியே பாதைக்கும் பொருந்தும், இருட்டியதும் அதிகாரபூர்வமாக மூடிவிடுவார்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு அந்தப் பலகை ஒன்றே பாதையைப் பயனற்றதாக்கிவிடும். பனி பெய்யும் ஊரென்றால், பனியை யார் அள்ளுகிறார்கள், எப்போது அள்ளுகிறார்கள் என்று நகராட்சியில் கேளுங்கள்.

பாதையில் நான் அதிக நேரம் செலவிடுவது சாலையைக் கடக்கும் இடத்தில்தான். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சிக்னல் பொத்தானை அழுத்துவேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறது, பச்சை வந்த பிறகு அவள் வேகத்தில் அக்கரை சேர முடிகிறதா, வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பும் வண்டிகள் நின்று வழி விடுகின்றனவா என்று பார்ப்பேன். நடுவில் திட்டு இருந்தால் அதன் அகலத்தைக் காலடியால் அளப்பேன். சாதாரண சைக்கிள் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம். பின்னால் குழந்தை டிரெய்லர் மாட்டினால் 3 மீட்டர் வரும். திட்டு இரண்டு மீட்டர்தான் என்றால் டிரெய்லர் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தை உட்கார்ந்திருப்பதோ அதற்குள். கார் நுழையாமல் இருக்க நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே டிரெய்லர் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தரையைக் குனிந்து பாருங்கள். மர வேர் தாரைத் தூக்கியிருக்கிறதா, அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டாவது அடித்திருக்கிறார்களா, கண்ணாடிச் சில்லு கூட்டப்பட்டிருக்கிறதா? வேர் தூக்காத பாதை கிடையாது. ஆனால் குறித்து வைத்து, சரிசெய்து வைத்திருக்கிறார்கள் என்றால் யாரோ அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். பொடித்த சுண்ணாம்புக் கல் போட்ட பாதையில் மெல்லிய டயர் புதையும். 35 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயரும் இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டும் இருந்தால் நிம்மதி. மட்கார்டு இல்லாமல் ஈரத்தில் போனால் அலுவலக உடுப்பின் முதுகில் வெள்ளைச் சேறு கோடு போட்டிருக்கும்.

கடைசியாகப் பள்ளிக்குப் போங்கள். வேலைநாளில் பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்ப்பதைப் போல உண்மை சொல்லும் சோதனை வேறில்லை. அங்கே சின்னச் சின்ன சைக்கிள்கள் நெருக்கமாக நின்றால், அந்த ஊர்ப் பெற்றோர் தங்கள் தெருக்களை நம்புகிறார்கள். ஸ்டாண்டு காலியாக இருந்தால், ஏன் என்று வாசலில் நிற்கும் ஒரு அம்மாவிடம் கேளுங்கள். எந்த முனை ஆபத்தானது என்று கை நீட்டிக் காட்டிவிடுவார்.

வீடு

முடிந்தால் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். எல்லாப் பருவத்தையும் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கலாம்.

சைக்கிளைத் தரைமட்டத்தில் வைக்க இடமில்லாத வீட்டை நான் எடுக்க மாட்டேன். படியில் தூக்கி இறக்க வேண்டியிருந்தால் தினமும் எடுக்கத் தோன்றாது. மின்சைக்கிள் 25 கிலோ வரை இருக்கும், அதைத் தூக்குவது நடவாத காரியம். அடுக்குமாடி என்றால் லிஃப்டில் முழு சைக்கிள் நுழைகிறதா, பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் செய்யக் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதையை ஒட்டிய வீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் பின்வேலியில் ஒரு சின்னக் கதவு வைக்க அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். பாதையின் நிலம் நகராட்சிக்குச் சொந்தமா, ரயில்வேக்கா, குடிநீர் வாரியத்துக்கா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கதவு வைக்க முடியாதென்றால் பாதையை ஒட்டிய வீட்டைவிட, பாதை வாசலுக்கு நேரான தெருவில் இருக்கும் வீடே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

சைக்கிளை எடுத்துப் போவது

சைக்கிளைப் பெட்டியில் அடைக்க முதலில் பெடல்களைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழானது. ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். முன்சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கட்டையை வைத்துவிடுங்கள். பெட்டி அழுந்தினாலும் கால் வளையாது. அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டாலே தந்துவிடுவார்கள். மின்சைக்கிள் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது. 160 வாட்-மணிக்கு (Wh, பேட்டரியின் கொள்ளளவு) மேற்பட்ட பேட்டரிகளைப் பயணிகள் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. மின்சைக்கிளில் இருப்பது 400, 500 என்று போகும். நாடு விட்டு நாடு போகிறவர்கள் அதை விற்றுவிட்டுப் போய் அங்கே வாங்குவது உத்தமம். அங்கே வாங்கினால் அந்த நாட்டு விதிக்கும் பொருந்தும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் வரைதான் மோட்டார் உதவ வேண்டும், அமெரிக்காவில் பல மாநிலங்களில் மூன்று வகுப்புகள், எந்த வகுப்பு எந்தப் பாதையில் போகலாம் என்று தனி விதி.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போனால் டயரிலும் செயினிலும் துளி மண் இல்லாமல் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள், உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். இரண்டு நாடுகளிலுமே ஹெல்மெட் கட்டாயம். இன்னொன்று, இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் பெரும்பாலும் வலது லீவர்தான் முன் பிரேக். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் பெரும்பாலும் இடது. புது ஊரில் புது சைக்கிள் வாங்கினால் முதலில் காலியான இடத்தில் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பழக்கத்தில் முன் பிரேக்கை அழுத்திவிட்டால் தலைகுப்புற விழ நேரும்.

குடியேறிய பிறகு

மணி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் என் அம்மாவைப் போன்றவர்கள் நடக்கிறார்கள்; பின்னாலிருந்து சத்தமில்லாமல் உரசிக்கொண்டு போகும் சைக்கிள் அவர்களை வீட்டுக்குள் முடக்கிவிடும். தூரத்திலேயே ஒரு முறை அடித்து, வேகம் குறைத்து, இடம் விட்டுக் கடந்து போங்கள்.

சின்ன ஊரில் ஒரு பெரிய வசதி உண்டு: சொன்னால் காதில் விழும். அமெரிக்காவில் சிகாகோவுக்கு மேற்கே உள்ள புறநகர்களை இணைக்கும் இல்லினாய் ப்ரெய்ரி பாதை, மே தீல்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கை ஆர்வலர் 1963-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் தொடங்கியது. கைவிடப்பட்ட ரயில் தடத்தை நடப்பதற்கான பாதையாக்குங்கள் என்று கேட்டிருந்தார். நீங்கள் அவ்வளவு பெரிதாகக் கேட்க வேண்டியதில்லை. ஒரு சிக்னலில் பச்சை சீக்கிரம் மாறிவிடுகிறதென்றால் சந்திப்பின் பெயர், நேரம், ஒரு படம், என்ன செய்ய வேண்டும் என்ற ஒற்றை வரி இவற்றோடு நகராட்சிக்கு எழுதுங்கள். பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பே எழுதுங்கள், அதே சந்திப்பைப் பயன்படுத்தும் இரண்டு அண்டை வீட்டாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.