மெக்சிகோவின் கிறிஸ்தேரோ போரை 20 நிமிடப் பாட்காஸ்ட்டாகச் செய்வது எப்படி?

1926 முதல் 1929 வரை மெக்சிகோ அரசின் தேவாலயக் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் நடத்திய ஆயுதக் கிளர்ச்சிதான் கிறிஸ்தேரோ போர். அதன் தளபதி என்ரிக்கே கொரோஸ்தியேத்தாவின் கதை கைக்கு வந்ததுமே குதிரை, துப்பாக்கி, ‘கிறிஸ்து அரசர் வாழ்க’ என்ற முழக்கம் என்று ஆரம்பிக்கத்தான் கை பரபரக்கும். அப்படி ஆரம்பிக்காதீர்கள். மூன்றாவது நிமிடத்தில், ‘அரசாங்கம் அப்படி என்னதான் செய்தது?’ என்று கேட்பவர் யோசிப்பார். அங்கே நிறுத்திச் சட்டத்தை விளக்கப் போனால் வேகம் போய்விடும். சட்டம் முதலில், சண்டை பிறகு.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும். ஆக 2,000 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். பின்னணிக்கு 450, தளபதி யார் என்பதற்கு 300, போருக்கு 750, உடன்பாட்டுக்கு 500 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியைத்தான் பலரும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைச் சுருக்கினால் இது வெறும் வீரசாகசம் ஆகிவிடும்.

பின்னணிக்கு 1917 அரசியல் சாசனத்தை எடுங்கள். கல்வி மதச்சார்பற்றது, துறவற சபைகளுக்குத் தடை, தேவாலயச் சொத்து நாட்டுக்குச் சொந்தம், குருக்களுக்கு ஓட்டு இல்லை: இந்த நான்கும் போதும், பிரிவு எண்கள் தேவையில்லை. இந்த விதிகளுக்குத் தண்டனைகளைச் சேர்த்தது அதிபர் காயெஸ் 1926 ஜூன் 14-ல் கையெழுத்திட்ட சட்டம். பொது இடத்தில் குரு அங்கியோடு நடந்தால் 500 பெசோ அபராதம். குரு அரசை விமர்சித்தால் 5 ஆண்டு வரை சிறை. ஜூலை 31-ல் அது அமலுக்கு வந்தது. மதச்சார்பின்மை என்றதும் நம் கேட்பவர்கள் இந்திய மாதிரியை நினைப்பார்கள்; இது அந்த ரகமல்ல என்று இங்கேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் சறுக்குவார்கள். ‘அரசு தேவாலயங்களைப் பூட்டியது, பூசை நின்றது’ என்பது தவறு. பொது வழிபாட்டை நிறுத்தியவர்கள் ஆயர்கள்; சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில், எதிர்ப்பாக நிறுத்தினார்கள். இதை மாற்றிச் சொன்னால் பின்னால் ஆயர்களே பேச்சுவார்த்தைக்கு உட்காருவது புரியாமல் போகும்.

அடுத்து தளபதி. கிளர்ச்சியைத் தொடங்கியவர் அவரல்ல. 1926 ஆகஸ்ட்டிலேயே அங்கங்கே மோதல் வெடித்தது. பொது எழுச்சிக்கு அழைப்பு வந்தது 1927 ஜனவரி 1-ல். பழைய கூட்டாட்சி ராணுவத்தின் அதிகாரியான கொரோஸ்தியேத்தாவை, கத்தோலிக்கர்களின் அமைப்பான மதச் சுதந்திரப் பாதுகாப்பு லீக் 1927-ல்தான் சம்பளம் பேசி அழைத்தது: மாதம் 3,000 பெசோ. முழுப் படைக்கும் தலைமை வந்தது 1928 அக்டோபரில். அவர் முழுத் தளபதியாக இருந்தது எட்டு மாதம்கூட முழுதாக இல்லை. ‘மூன்றாண்டுப் போரை நடத்தியவர்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

அவர் நாத்திகர், ஃப்ரீமேசன் (கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்த ஒரு ரகசியச் சங்கத்தின் உறுப்பினர்), கூலிக்கு வந்தவர் என்று ஒரு கதை பரவலாக ஓடுகிறது. மனைவிக்கு எழுதிய கடிதங்களில் தெரிகிற மனிதர் பக்திமான். சம்பளத்தையும் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்; தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலையில்லை. சம்பளத்தை மறைத்தால் புனிதர் வரலாறு, கடிதத்தை மறைத்தால் கிசுகிசு.

போர்ப் பகுதியைச் சண்டைகளின் பட்டியலாக்க வேண்டாம். தோட்டாவைப் பின்தொடருங்கள். கிளர்ச்சிக்காரர்களுக்கு வெளியிலிருந்து ஒழுங்கான ஆயுத வரத்து கிடையாது. எதிரியிடம் பறித்ததும் கடத்தி வந்ததும்தான் கையிருப்பு. 1927 ஜூனில் குவாதலஹாரா அருகே ஸபோபானில் தொடங்கிய புனித ஜோன் ஆஃப் ஆர்க் மகளிர் படையணி இந்தக் கடத்தலின் முதுகெலும்பு. தலைநகரிலிருந்து வந்த தோட்டாக்களை உடைக்கு உள்ளே, இதற்கென்றே தைத்த மேலங்கியில் வரிசையாகச் செருகிக்கொண்டு பெண்கள் ரயில் ஏறினார்கள். இந்த ஒரு காட்சிக்கு 150 சொல் தாராளமாகக் கொடுக்கலாம். ஓர் ஊரைப் பிடித்த படை ஏன் அங்கேயே தங்கவில்லை என்ற கேள்விக்கும் இதுவே பதில்: தங்கிச் சண்டை போடத் தோட்டா போதாது.

நாயகர்களை வெள்ளையடிக்காமல் இருக்க ஒரே ஆளை எடுத்தால் போதும்: குருவாக இருந்து தளபதியான ஹொசே ரேயெஸ் வேகா. 1927 ஏப்ரலில் லா பார்க்கா அருகே அவர் நடத்திய ரயில் தாக்குதலில் பெட்டிகள் எரிந்து பொதுமக்கள் இறந்தார்கள். 1929 ஏப்ரலில் தெபாதித்லானில் அரசுப் படையைத் தோற்கடித்ததும் அவரே, அங்கேயே இறந்தார். இரண்டையும் சொல்லுங்கள்.

முகப்புப் படத்துக்குப் பலரும் எடுப்பது, துப்பாக்கிகளுக்கு எதிரே கைகளைச் சிலுவைபோல் விரித்து நிற்கும் குருவின் படம். அவர் மிகேல் புரோ; 1927 நவம்பர் 23-ல் விசாரணையின்றிச் சுடப்பட்டவர். ஆயுதம் ஏந்தியவரல்ல. அதன்கீழே ‘கிறிஸ்தேரோ வீரர்’ என்று போட்டால் மொத்த நிகழ்ச்சியின் நம்பகத்தன்மையும் அடிபடும்.

உடன்பாட்டுக்குத் தேதிகளை வரிசையாக வையுங்கள், விளக்கம் குறைவாக இருக்கட்டும். 1929 மே 16: போரிடுபவர்களை விட்டுவிட்டு ஆயர்கள் பேசுவதை எதிர்த்துக் கொரோஸ்தியேத்தா கடிதம் எழுதுகிறார். ஜூன் 2: ஹலிஸ்கோவில் எல் வாயே பண்ணையில் கொல்லப்படுகிறார். ஜூன் 21: அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோவின் முயற்சியில் அதிபர் போர்த்தெஸ் கிலும் ஆயர்களும் உடன்படுகிறார்கள். இடைவெளி 19 நாள். மரணத்துக்கும் உடன்பாட்டுக்கும் சதிமுடிச்சுப் போடும் ஆசை வரும்; பேச்சு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது, அந்தக் கடிதமே சாட்சி. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதைக் கெடுபிடியாக அமல்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதிதான் கிடைத்தது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்களில் பலர் பிறகு கொல்லப்பட்டார்கள். சாசனத்தின் அந்தப் பிரிவுகள் பெரிதாகத் திருத்தப்பட்டது 1992-ல்தான்.

இறந்தவர்கள் தொகையாக 90,000 என்று பரவலாகச் சொல்வார்கள். ‘மதிப்பீடு’ என்ற சொல் இல்லாமல் அதை வாசிக்காதீர்கள்.

பதிவுக்கு முன் பெயர்களைத் தனித்தாளில் எழுதி மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள்: ஜலிஸ்கோ அல்ல ஹலிஸ்கோ, காலெஸ் அல்ல காயெஸ். பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் முதல் பதிவைப் போட்டுக் காட்டி இரண்டே கேள்வி கேளுங்கள்: வழிபாட்டை நிறுத்தியது யார், உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் தளபதி உண்டா? முதலாவதில் தடுமாறினால் பின்னணியையும், இரண்டாவதில் தடுமாறினால் கடைசி 500 சொல்லையும் திருப்பி எழுதுங்கள்.