ஜாஸ் ஆர்கன் கேட்பது எப்படி? முதலில் இடது கையைப் பிடியுங்கள்

ஜாஸ் ஆர்கன் பதிவுகளை ஏறத்தாழ ஆறு மாதம் பாதி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்கன், கிதார், டிரம்ஸ், சில சமயம் ஒரு சாக்ஸஃபோன். அட்டையில் அவ்வளவு பேர்தான் இருப்பார்கள். வலது கையின் வேகமான வரிகள் காதில் விழும், ஆனால் அடியில் ஒன்றுமே இல்லாதது போல பாட்டு மெலிந்து ஒலிக்கும். இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, இந்தக் குழுக்களில் பேஸ், அதாவது பாட்டைத் தாங்கும் தாழ்ந்த அடிச்சுரங்கள், வாசிப்பதும் ஆர்கன்காரர்தான். அவருடைய இடது கை எனக்குக் கேட்கவே இல்லை.

படி 1: ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம்

பேஸின் தாழ்ந்த எஃப் சுரம் சுமார் 44 ஹெர்ட்ஸ். ஃபோனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. வயர் வைத்த, காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும். 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பேஸைக் கூட்டுவதுபோல் தோன்றினாலும், சுரங்களை ஒன்றோடொன்று குழப்பிக் கூழாக்கிவிடும்.

படி 2: ஒரே ஒரு பாட்டு

ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் 'பேக் அட் த சிக்கன் ஷாக்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் போடுங்கள். 1960 ஏப்ரல் 25 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டர் ஸ்டுடியோவில் பதிவானது. புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் 1963இல் வெளியிட்டது. டெனர் சாக்ஸ் ஸ்டான்லி டரன்டைன், கிதார் கென்னி பர்ரெல், டிரம்ஸ் டொனால்ட் பெய்லி. சுமார் 8 நிமிடம், அவசரமே இல்லாத 12 பார் ப்ளூஸ், அதாவது 12 தாள அளவு (பார்) கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். தொடங்குவதற்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது.

படி 3: பேஸை மட்டும் கேளுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் முறை தனி வாசிப்புகளைக் கவனிக்கவே வேண்டாம். டரன்டைன் எவ்வளவு அழகாக ஊதினாலும் போகட்டும். தொடையில் தட்டிக்கொண்டே அடிச்சுரத்தை மட்டும் தொடருங்கள். ஒரு பாருக்கு 4 தட்டு, 12 பாருக்கு 48. பெரும்பாலும் ஒரு தட்டுக்கு ஒரு சுரமாக பேஸ் நடந்துகொண்டே இருக்கும். 48 முடிந்ததும் பாட்டு மறுபடி வீட்டுக்கு வந்தது போல இருக்கும். எண்ணிக்கை தவறினால் அந்த இடத்துக்காகக் காத்திருந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எனக்கு நான்காம் முறைதான் பிடிபட்டது.

இது மர டபுள் பேஸ் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? டபுள் பேஸில் கம்பியைச் சுண்டியதும் ஒலி மெல்லத் தேயும். ஸ்மித் வாசிக்கும் ஹேமண்ட் என்ற மின் ஆர்கனில் விரல் கட்டையில் இருக்கும்வரை ஒலி அதே அளவில் நிற்கும், எடுத்ததும் சட்டென்று அறுந்துவிடும். ஸ்மித் இடது கையால் பேஸ் வாசித்தபடியே இடது காலால் பெடலையும் லேசாகத் தட்டுவார். சுரத்தின் தொடக்கத்தில் வரும் சின்ன 'தும்' அதுதான். இதைக் கேட்ட அன்று பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே ஆள்!

*சேர்த்தது:* ஷெர்லி ஸ்காட் என்ற ஆர்கன் கலைஞரின் பதிவில் சுண்டிய பேஸ் கேட்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் காது சரிதான். 1958இல் சாக்ஸஃபோன் கலைஞர் எடி 'லாக்ஜா' டேவிஸுடன் ஸ்காட் வாசித்த பதிவுகளில் ஜார்ஜ் டுவிவியே என்ற டபுள் பேஸ் கலைஞர் இருக்கிறார். ஆகவே பழகும்வரை, அட்டையில் பேஸ் கலைஞர் பெயர் இல்லாத ஆல்பமாகப் பார்த்து எடுங்கள்.

படி 4: இப்போது வலது கை

ஹேமண்ட் பி-3 என்ற ஆர்கன் மாடலில் 'பெர்கஷன்' என்று ஒரு வசதி உண்டு. சுரம் தொடங்கும்போது 'டொக்' என்று ஒரு கூர்மை கொடுக்கும். எல்லா விரலையும் எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால்தான் அது வரும். விரல் எடுக்காமல் இழைத்து வாசித்தால் முதல் சுரத்துக்கு மட்டும்தான். அதனால் 'டொக்' எங்கெங்கே விழுகிறது என்று கவனித்தாலே, அவர் எங்கே விரலை எடுக்கிறார், எங்கே இழைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

நீண்ட சுரம் அலைபோல நடுங்கினால் அது ஆர்கனோடு இணைக்கும் லெஸ்லி ஸ்பீக்கர். உள்ளே ஒலிக்குழல் நிஜமாகவே சுழல்கிறது.

படி 5: இரண்டே பேர்

ஒரு வாரம் கழித்து இன்னொரு ஆர்கன் கலைஞர் லாரி யங்கின் 'யூனிட்டி' ஆல்பத்தைப் போடுங்கள். 1965 நவம்பரில் அதே ஸ்டுடியோவில் பதிவானது. உடன் ட்ரம்பெட்டில் வுடி ஷா, டெனரில் ஜோ ஹெண்டர்சன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். நேராக 'மங்க்ஸ் ட்ரீம்' பாட்டுக்குப் போய்விடுங்கள். அதில் ஊதுகருவிகள் இல்லை. யங்கும் ஜோன்ஸும் மட்டும்தான். மறைக்க யாரும் இல்லாததால் பேஸ் துலக்கமாகக் கேட்கும். படி 3இல் செய்தது போலவே முதல் முறை அதை மட்டும் கேளுங்கள், இரண்டாம் முறை டிரம்ஸோடு சேர்த்துக் கேளுங்கள். வலது கையை மூன்றாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.