குழந்தைகளுடன் முதல் பனிச்சறுக்குப் பயணம்: சாக்ஸில் தொடங்கும் தவறுகள்

பனிச்சறுக்கு பழக வந்த குழந்தை முதல் நாளே “கால் வலிக்குது, ரூமுக்குப் போகலாம்” என்று அழுகிறதா? பூட்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ஜோடி சாக்ஸ் இருக்கும். குளிருமே என்ற அக்கறையில் மாட்டிவிட்டதுதான். ஆனால் பூட்ஸுக்குள் ஏற்கெனவே தடித்த உறை இருக்கிறது. அதற்குள் இன்னும் துணியைத் திணித்தால் மடிப்பு விழுந்து கணுக்காலில் அழுத்தும், ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் முன்பைவிடச் சில்லிட்டுப் போகும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். பேன்ட்டுக்குள் போடும் லெக்கிங்ஸின் விளிம்புகூட பூட்ஸுக்குள் போகக் கூடாது.

அடுத்தது, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது. பள்ளிக்கூட ஷூவுக்குச் சரிப்படும் இந்தக் கணக்கு இங்கே உதவாது. பனிச்சறுக்கு பூட்ஸில் அளவு எண் என்பது சென்டிமீட்டரில் பாதத்தின் நீளம், பாதம் 19.5 செ.மீ. என்றால் 19.5. சந்தேகம் இருந்தால் உள்ளுறையை உருவிவிட்டு வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடச் சொல்லுங்கள். விரல்நுனி முன்பக்கம் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதைவிட அதிகமானால் குதிகால் தூக்கிக்கொள்ளும். குழந்தை காலைத் திருப்பும், சறுக்குப்பலகை திரும்பாது. பூட்ஸ் மாட்டும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கிளை முதலில் போட்டு, பிறகு மற்றவற்றைப் போடுங்கள். விரல்பக்கம் இருப்பது தளர்வாகவே இருக்கட்டும்.

வாடகைக் கடையில் குழந்தையின் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்வதும், “நல்லா பண்ணுவான்” என்று பெருமையாகச் சேர்ப்பதும் உண்டு. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டு, பைண்டிங்கில் ஒரு எண்ணாக வைக்கிறார்கள். எண் கூடிப்போனால் பலகை கழலாமல் காலை முறுக்கும்; குறைந்துபோனால் சும்மா திரும்பும்போதே கழன்றுவிடும். அண்ணன் பலகையைத் தம்பி வாங்கி மாட்டிப் பார்ப்பதையும் இதே காரணத்துக்காகத் தடுங்கள். பலகையின் உயரம் குழந்தையின் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடையே இருந்தால் போதும். கையில் பிடிக்கும் கோல்கள் தொடக்கத்தில் வேண்டாம்; சின்னக் கைகளுக்கு அவை வாள்தான்.

உடையில் பருத்தியும் ஜீன்ஸும் ஆகாது, நனைந்தால் காயாது. விரல் தனித்தனியான கையுறையைவிட, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் கதகதப்பு. மஃப்ளர், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டில் சிக்கும்; குழாய்போல் மாட்டும் கழுத்துறையே நல்லது. ஹெல்மெட்டுக்கு அடியில் தடித்த குல்லாய் போட்டால் ஹெல்மெட் தலையில் நிற்காது. வெயிலை யாரும் நினைப்பதில்லை. 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கதிர் கீழிருந்தும் வருவதால் மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரங்களைச் சுற்றியும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும்.

பெற்றோர் தாங்களே கற்றுக்கொடுக்க முயல்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. குழந்தையைத் தங்கள் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு சறுக்குவார்கள், அல்லது இடுப்பில் வார் கட்டிப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார்கள். இரண்டிலும் குழந்தை பின்னால் சாயப் பழகிவிடுகிறது. பலகை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமானால் முழங்கால் மடங்கி, முன்கணுக்கால் பூட்ஸின் முன்நாக்கை அழுத்த வேண்டும். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பாகத்தில் பாரம் விழாது. வண்டி ஓடும், ஸ்டியரிங் இருக்காது. இந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்சியாளருக்கு ஒரு நாள் போய்விடும். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி நிறுத்தும் முறையைக் குழந்தைகளுக்கு “பீட்சா” என்று சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டாரும் அதே சொல்லையே பயன்படுத்துங்கள். பயிற்சி நேரத்தில் வேலி ஓரமாக நின்று கையசைக்கவும் வேண்டாம். அழுகையை நிறுத்திய குழந்தை உங்களைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பிக்கும்.

ஒரு வகுப்பு முடிந்ததும் உற்சாகத்தில் மலையுச்சிக்குக் கூட்டிப்போவார்கள் பலர். அவசரப்படாதீர்கள். சொன்ன இடத்தில் நிற்கவும், இடமும் வலமும் திரும்பவும், விழுந்தால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துத் தானே எழவும் வருகிறதா? வராதவரை நகரும் பட்டையான மேஜிக் கார்ப்பெட்டும் அதன் பக்கத்துச் சரிவுமே போதும். இத்தனைக்கும் பல இடங்களில் அந்தப் பகுதிக்குத் தனியாக மலிவான டிக்கெட் உண்டு; முழு மலைக்கும் பாஸ் எடுத்துவிட்டு, காசு வீணாகிறதே என்று குழந்தையை மேலே இழுக்க வேண்டியதில்லை.

சரிவின் நிறத்தை நம்பியும் ஏமாறலாம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நீலம்தான் எளிது, சிவப்பு நடுத்தரம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை இருக்கிறது. ஜப்பானில் பச்சைக்கு அடுத்ததே சிவப்பு. அதோடு, நிறம் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுச் சொல்வதுதான். ஒரு மலையின் நீலம் இன்னொன்றில் சிவப்பாக இருக்கலாம். சரிவைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கம்பிவடத்தில் தொங்கியபடி மேலே போகும் இருக்கையான சேர்லிஃப்டில் முதுகுப்பையோடு ஏறவிடாதீர்கள். பை குழந்தையை இருக்கையின் நுனிக்குத் தள்ளும், இறங்கும்போது வார் மாட்டிக்கொள்ளும். முதுகு சாய்மானத்தில் ஒட்டியபடி உட்கார்ந்த உடனே பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். சரியாக உட்காரவில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் ஊழியரிடம் நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள். அதற்குத்தான் அவர் அங்கே நிற்கிறார்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் தாராளம். “கடைசியா ஒரே ஒரு ரவுண்டு” என்று பிற்பகலில் இழுப்பதில்தான் ஆபத்து: கால் சோர்ந்திருக்கும், பனி குழம்பியோ மீண்டும் உறைந்தோ கிடக்கும். முடியவில்லை என்றால் லிஃப்டிலேயே கீழே இறங்க முடியுமா என்று கேளுங்கள். காலையில் பூட்ஸ் மாட்டுவதற்கு முன் கழிவறை. மாட்டிய பிறகு கேட்டால் கால் மணி நேரம் போச்சு. கிளம்பும் முன் அன்றைய உடையோடும் ஹெல்மெட்டோடும் ஒரு போட்டோ எடுத்து, குழந்தையின் பாக்கெட்டில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டைப் போட்டுவிடுங்கள்.

இரவில் பூட்ஸைக் காரிலேயே விட்டால் பிளாஸ்டிக் விறைத்து, காலையில் கால் நுழையாது. அறைக்குள் கொண்டுவந்து உள்ளுறையை வெளியே எடுத்துக் காயவையுங்கள். ஹீட்டர்மேல் மட்டும் வைக்காதீர்கள், உறை சுருங்கிவிடும்.